பாயார் தீவும் கலங்கிய தண்ணீரும்: கிளப்போடு ஒரு வார இறுதி

வெள்ளி, ஜனவரி 17, 2025

நவம்பர் பிறந்தால் மலேசியாவின் கிழக்குக்கரைத் தீவுகள் கடையைச் சாத்திவிடும். பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் பக்கமெல்லாம் வடகிழக்குப் பருவக்காற்று அலையைத் தூக்கி அடிக்கும், ரிசோர்ட்காரர்கள் படகைக் கரையேற்றிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் கேஎல்லில் (கோலாலம்பூரில்) இருக்கும் டைவிங் கிளப்காரர்களுக்குக் கைகால் ஓடாது. வசதி உள்ளவர்கள் தாய்லாந்துக்கு விமானம் ஏறுவார்கள். எங்கள் கிளப்பில் பாதிப் பேர் தீபாவளிக் கடனையே இன்னும் அடைத்து முடிக்கவில்லை. அதனால் பொங்கல் முடிந்த கையோடு மேற்குக்கரையில் இருக்கும் பாயார் தீவுக்குப் போகலாம் என்று முடிவானது.

பாயார் என்றதும் விவரம் தெரிந்தவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்த, சேறு கலந்த கடல். கெடாவின் வயல்வெளிகளைச் சுற்றிக்கொண்டு வரும் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து இங்கேதான் கொட்டுகின்றன. ரெடாங்கில் நல்ல நாளில் இருபது மீட்டர் தள்ளி இருப்பவர் காலில் மாட்டிய துடுப்பு என்ன நிறம் என்று சொல்லிவிடலாம். இங்கே ஐந்து மீட்டர் தெரிந்தாலே சந்தோஷப்பட வேண்டும். போதாக்குறைக்குப் பௌர்ணமி போய் நான்கு நாள்தான் ஆகியிருந்தது, நீரோட்டம் இன்னும் முழுசாக அடங்கியிருக்காது. "ஒன்னும் தெரியாத தண்ணிக்கு 380 வெள்ளியா?" என்று கிளப் வாட்சப்பில் ஒருவர் கேட்டார் (வெள்ளி என்பது எங்கள் ரிங்கிட்). அப்படிக் கேட்டவர்தான் முதல் ஆளாகப் பணமும் கட்டினார்.

கேஎல் பிரிக்ஃபீல்ட்ஸில் மாலை ஏழுக்கு வேன் கிளம்பும் என்று சொல்லியிருந்தார்கள். எட்டே முக்காலுக்குத்தான் நகர்ந்தது. காரணம் எங்கள் கிளப்பில் இருக்கும் டீச்சர். கிள்ளானில் பள்ளி முடிந்து வீட்டுக்குப் போய், ஒரு பெரிய டப்பா முறுக்கும் பொங்கலுக்கு வாங்கி மிச்சமான வெல்லத்தில் செய்த அதிரசமும் எடுத்துக்கொண்டு வந்தார். அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. தாப்பாவைத் தாண்டும்போது மழை, சுங்கை பேராக் ஓய்விடத்தில் ஆளுக்கொரு மைலோ, அப்புறம் பினாங்குப் பாலம் வரைக்கும் எல்லோருக்கும் தூக்கம். பாலம் 13.5 கிலோமீட்டர். நடுராத்திரியில் அதன் மேல் போகும்போது இரண்டு பக்கமும் கறுப்புத் தண்ணீர், தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல்களின் விளக்கு.

இங்கே ஒரு புகாரைப் பதிவு செய்துவிடுகிறேன். பாயாருக்குப் படகு ஏறப்போவது கோலக் கெடாவில். அது பெருநிலத்தில், பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம். அப்படி இருக்க எதற்குப் பாலம் தாண்டி பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனில் அறை போட்டோம்? பொருளாளருக்கு நாசி கண்டார் (பல குழம்பு ஊற்றிய சோறு) சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். கேட்டால் "பினாங்கு வழியா போய்ட்டு நாசி கண்டார் சாப்பிடாம வந்தா பாவம்" என்கிறார்.

சாப்பிட்டதும் கோபம் போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இரவு ஒன்றரை மணி, சூலியா தெருப் பக்கம் ஒரு கடை, வாசலில் வரிசை. சோற்றை அள்ளிப் போட்ட அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "என்னா வேணும் தம்பி, சோத்தோங்கா, மீன் முட்டையா?" என்றார். கணவாய்க் கறி, வெண்டைக்காய், அவித்த முட்டை பாதி, எல்லாக் குழம்பையும் கலந்து மேலே ஊற்றச் சொன்னேன். 16 வெள்ளி. கணவாய் ரப்பர் மாதிரி இழுக்காமல், பல்லில் பட்டதும் அறுபட்டது. அந்த நேரத்தில் அந்தக் கணவாயைப் பற்றி எனக்கு வேறெந்த யோசனையும் இல்லை.

தூங்கியது இரண்டே முக்கால் மணி நேரம்.

சனி, ஜனவரி 18

ஐந்து மணிக்குக் கதவு தட்டியது கிளப் தலைவர். எல்லோரும் 'அண்ணே' என்று கூப்பிடுகிறோம், ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை, தண்ணீருக்கு வெளியே மிகவும் அமைதியான மனிதர். டைவ் என்று வந்துவிட்டால் ராணுவம்தான். வேனிலேயே விளக்கம் தொடங்கிவிட்டது: சிலிண்டரில் காற்றழுத்தம் 200 பார், 100 ஆனதும் கூட்டாளியிடம் காட்ட வேண்டும், 50-க்கு மேலே வைத்துக்கொண்டு படகுக்கு வந்துவிட வேண்டும், ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்காமல் யாரும் மேலே வரக்கூடாது. "தண்ணி கலங்கலா இருக்கும், கூட்டாளி ஒரு கை தூரத்தைவிட்டுத் தாண்டக் கூடாது. காணோம்னா ஒரு நிமிஷம் தேடு, அப்புறம் மேல வந்துடு. ஹீரோ வேலை வேண்டாம்."

ஜனவரியில் இங்கே ஏழரைக்குத்தான் விடிகிறது. கோலக் கெடா ஜெட்டிக்கு (படகுத்துறைக்கு) நாங்கள் போனபோது வானம் அப்போதுதான் சாம்பல் நிறமாக வெளுத்தது. கருவாட்டு வாசனை, டீசல் வாசனை, பக்கத்தில் மீன்பிடிப் படகிலிருந்து கூடை கூடையாக இறால் இறங்குகிறது. ஜெட்டிக் கடையில் மக்சிக் (மலாய் அம்மா) ஒருவர் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் 2 வெள்ளிக்கு விற்றார். ஆளுக்கு இரண்டு வாங்கினோம், மதியத்துக்கும் சேர்த்து. இருபது பொட்டலத்துக்கு மேல் கட்டியதும் அவரே இரண்டு பொட்டலம் சும்மா போட்டார், "படகுக்காரனுக்குக் கொடுங்க" என்றார். கெடாவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஆகவே ஜெட்டியில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம்.

பாயார் என்று சொன்னாலும் நான்கு தீவுகள் உண்டு: பாயார், காச்சா, லெம்பு, செகாந்தாங். நான்கும் சேர்ந்து 1994-இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. சுற்றி இரண்டு கடல் மைல் தூரத்துக்கு மீன் பிடிக்கக் கூடாது. பெரிய தீவே கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நீளம்தான். ஊர் இல்லை, கடை இல்லை. காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும். படகில் ஒரு மணி நேரம், பாதி வழியிலேயே எங்கள் கிளப்பின் மெக்கானிக் தம்பி படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நேற்றைய நாசி கண்டாரைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

முதல் இறக்கம் தீவின் தென்மேற்கு முனையில். கோரல் கார்டன் என்று பெயர். பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தேன், தண்ணீர் இளம் பச்சை. மூன்று மீட்டர் இறங்கியதும் மேலே படகின் நிழல் மங்கியது, எட்டு மீட்டரில் என் கூட்டாளியின் மஞ்சள் துடுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. கூட்டாளி யார் என்றால் பாப்பா. கிளப்பில் இளையவள், கல்லூரியில் படிக்கிறாள், போன வருஷம்தான் லைசென்ஸ் எடுத்தாள். எடுத்ததும் பெர்ஹெந்தியானில் கண்ணாடி மாதிரித் தண்ணீரில். அவள் கண் முகமூடிக்குள் பெரிதாகத் தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு பாறையை ஒட்டியே மெதுவாகப் போனோம், மற்றவர்கள் முன்னால் போய்ப் பச்சைக்குள் கரைந்துவிட்டார்கள்.

மெதுவாகப் போனதுதான் அதிர்ஷ்டம். தூரத்தில் எதுவும் தெரியாததால் வேறு வழியில்லாமல் முகத்துக்கு முன்னால் இருப்பதையே பார்க்க வேண்டியிருந்தது. பாறை முழுக்க மென்பவளம், விளக்கை அடித்தால்தான் அதன் நிறம் வெளியே வருகிறது. ஐந்து மீட்டருக்குக் கீழே சிவப்பு நிறத்தைத் தண்ணீர் விழுங்கிவிடும், எல்லாம் சாம்பல் நீலம்தான். விளக்கு பட்ட இடத்தில் மட்டும் குங்குமம், மஞ்சள், கத்தரிப்பூ. கடல் தாமரை ஒன்றில் கோமாளி மீன் குடும்பம். இருப்பதிலேயே பெரியது பெண். அது செத்தால் அடுத்த ஆண் மீன் பெண்ணாக மாறிக் குடும்பத்தை நடத்தும். சின்ன மீன் ஒன்று என் விரலை இரண்டு தடவை வந்து முட்டியது, அவ்வளவு கோபம்.

ஒரு பாறை இடுக்கில் மூங்கில் சுறா படுத்திருந்தது. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பழுப்புத் தோல். சுறா என்றால் நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சு என்று பலர் நினைக்கிறார்கள், இதற்கு அந்தத் தொல்லை இல்லை. வாயால் தண்ணீரை இழுத்துச் செவுள் வழியே தள்ளிக்கொண்டு பகல் முழுக்கச் சும்மா கிடக்கும். செவுள் பிளவுகள் ஒவ்வொன்றாக மெதுவாகத் திறந்து மூடுவதை அரை மீட்டர் தூரத்தில் பார்த்தோம். பாப்பாவின் மூச்சும் அதைப் பார்த்துக்கொண்டே சீரானது. அதுவரை காற்றைக் குடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கணவாய். திரும்பும் வழியில் மணல் திட்டுக்கு மேலே ஒன்று தொங்கிக்கொண்டு நின்றது, முன்னங்கை நீளம் இருக்கும். ஓரமாக ஓடும் மெல்லிய துடுப்பு மட்டும் அலை அலையாக அசைகிறது, உடம்பு அசையவே இல்லை. கண்ணின் பாவை W எழுத்து மாதிரி வளைந்திருக்கும், அதனால் அது எங்களைப் பார்க்கிறதா எங்களைத் தாண்டி எதையோ பார்க்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் நெருங்கியதும் உடம்பில் கறுப்புப் பட்டை ஓடியது, பிறகு பட்டை மறைந்து மணல் நிறம், பிறகு தோலே சொரசொரப்பாகக் கிளம்பிப் பாசி பிடித்த கல் போல ஆனது. எல்லாம் நான்கைந்து விநாடிக்குள். இத்தனை நிறம் காட்டும் இந்தப் பிராணிக்கு நிறம் தெரியாது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். மூன்று இதயம், நீல ரத்தம். நேற்று ராத்திரி என் தட்டில் இருந்ததும் இதன் சொந்தக்காரன்தான். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மேலே வந்ததும் படகில் ஒரே புலம்பல். முன்னால் வேகமாகப் போன கூட்டம் சீலா மீன் கூட்டம் ஒன்றின் நிழலைப் பார்த்ததோடு சரி, வேறொன்றும் பார்க்கவில்லை. "380 வெள்ளி தண்ணில போச்சு" என்றார் அந்த வாட்சப் ஆள். பாப்பா கணவாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, நிறுத்தவே இல்லை.

மதியம் தீவுக் கடற்கரையில். முழங்கால் ஆழத் தண்ணீரில் துடுப்பு நுனி கறுத்த சுறாக் குட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. இந்த இனம் குட்டி போடும். பிறக்கும்போதே அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும், பெரிய சுறாக்கள் வர முடியாத ஆழம் குறைந்த இடத்தில்தான் வளரும். பாயார் கடற்கரை இதற்குப் பேர்போனது. கூட்டமும் அதற்குத்தான். லங்காவியிலிருந்து வந்த சுற்றுலாப் படகு ஒன்று நிறைய ஆட்களை இறக்கிவிட்டிருந்தது, ஆளாளுக்கு ஆரஞ்சு மிதவைச் சட்டை.

அந்தக் கூட்டத்தில் நம்ம ஊர் ஆள் ஒருவர், சுங்கை பட்டாணியாம், பேரப்பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுவதற்காகச் சுறாவுக்கு முறுக்கு உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடல் பூங்காவில் மீனுக்குத் தீனி போடக் கூடாது, பலகையே வைத்திருக்கிறார்கள். தீனிக்குப் பழகிய சுறா ஆளைக் கண்டால் நெருங்கும், கை எது முறுக்கு எது என்று அதற்குத் தெரியாது. டீச்சர் நேராகப் போனார். "ஐயா, நீங்க சர்க்கரை வியாதிக்காரருக்கு லட்டு ஊட்டுவீங்களா?" என்று வகுப்பறைக் குரலில் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, மீதி முறுக்கை எங்களுக்கே கொடுத்துவிட்டார். டீச்சர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு "எண்ணெய் காறிடுச்சி" என்று எங்களிடம் மட்டும் சொன்னார்.

படகுக்காரர் ஐம்பது வயசு மலாய்க்காரர், பேச்சு குறைவு. நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டே பவளத்தைப் பற்றிக் கேட்டோம். 2010-இல் கடல் சூடாகிப் பவளம் வெளுத்தபோது ரெடாங், தியோமானோடு சேர்த்து இங்கேயும் சில டைவ் இடங்களை மூடினார்களே, அந்த வருஷம் அவருக்கு வேலையே இல்லாமல் இறால் படகுக்குப் போனாராம். 2024-இலும் உலகம் முழுக்க அதே கதை, மலேசியக் கடல் பூங்காக்களிலும் பெரிய அளவில் வெளுத்தது. காலையில் பார்த்த கடினப் பவளத்தில் சில இடம் செத்துப் பாசி மூடியிருந்ததை நானும் கவனித்திருந்தேன். "மென்மையானது சீக்கிரம் வந்துடும், கல்லு மாதிரி இருக்கிறதுக்கு வருஷக்கணக்கா ஆகும்" என்றார் அவர்.

இரண்டாவது இறக்கம் காச்சா தீவுப் பக்கம். பறிமுதல் செய்த மீன்பிடிப் படகுகளை மீன்வளத் துறை இங்கே மூழ்கடித்து மீன்களுக்கு வீடாக்கியிருக்கிறது. திருட்டுத்தனமாக மீன் பிடித்த படகு இப்போது மீன் வளர்க்கிறது, அந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. தண்ணீர் காலையைவிட மோசம், மூன்று மீட்டர்தான். இருட்டிலிருந்து திடீரென்று ஒரு மரச்சட்டம் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். சட்டத்தின் மேல் கை வைக்கப் போன தம்பியை அண்ணன் பிடித்து இழுத்தார். அங்கே தேள்மீன் ஒன்று உட்கார்ந்திருந்தது, பாசி, அழுக்கு, மரம் எல்லாம் அதுவே. முதுகு முள்ளில் விஷம். அடியில் பெரிய களவா மீன் ஒன்று வாயை லேசாகத் திறந்துகொண்டு, வாடகை கேட்க வந்த ஆட்களைப் பார்ப்பது போல எங்களைப் பார்த்தது.

படகின் பின்பக்கம் கைவிடப்பட்ட வலை ஒன்று சிக்கியிருந்தது. நைலான், பச்சை நிறம். அதில் இரண்டு நண்டு செத்தும் ஒன்று உயிரோடும். அண்ணன் கத்தியை எடுத்தார், நானும் டீச்சரும் பிடித்துக்கொண்டோம், உயிரோடு இருந்ததை அறுத்துவிட்டோம். நன்றிக்கு அது டீச்சரின் கையுறையைக் கவ்விப் பிடித்தது. காற்று 70 பார் வந்ததால் வலையில் பாதியைத்தான் அறுக்க முடிந்தது. அறுத்ததைச் சுருட்டி மேலே கொண்டுவந்தோம்.

இனி அன்றைய கூத்து. திரும்பும்போது பாதி வழியில் இயந்திரம் ஒரு இருமல் இருமி நின்றுவிட்டது. நாலே கால் மணி, வெயில் மண்டையைப் பிளக்கிறது, படகு பக்கவாட்டில் ஆடுகிறது, மூன்று பேர் வாந்தி. படகைத் தள்ளும் சுழல்விசிறியில் கயிறும் பிளாஸ்டிக் சாக்கும் சுற்றிக்கொண்டிருந்தன. படகுக்காரர் சட்டையைக் கழற்றப் போனார். உடனே மெக்கானிக் தம்பி, காலையிலிருந்து செத்த பிணமாகக் கிடந்தவன், முகமூடியை மாட்டிக்கொண்டு கத்தியோடு குதித்தான். மூச்சைப் பிடித்துப் பிடித்து இறங்கி, இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் அறுத்து எறிந்தான். படகுக்காரர் முதல்முறையாக முழுசாகச் சிரித்தார். ஜெட்டியில் இறங்கும்போது தம்பிக்கு மட்டும் ஒரு கிலோ கருவாடு. அந்தக் கருவாடு எங்கள் வேனில் கேஎல் வரை வந்தது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

மாலை ஜார்ஜ்டவுனில் இரண்டு பிரச்சினை. ஒன்று, வாட்சப் ஆளும் இன்னும் இருவரும் பினாங்கு மலைக்கு ரயிலில் போய் இரவு விளக்குகளைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அண்ணன் கண்டிப்பாக முடியாது என்றுவிட்டார். மலை 833 மீட்டர். டைவ் செய்தபின் உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும், அதற்குள் உயரத்துக்குப் போனால் காற்றழுத்தம் குறைந்து குமிழி கட்டிவிடும். விமானத்துக்குச் சொல்லும் 18 மணி நேரக் கணக்கு இந்த மலைக்கும்தான். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு மேல நீங்க மலைக்குப் போங்க, நிலாவுக்குப் போங்க, எனக்கென்ன" என்றார்.

இரண்டாவது பிரச்சினை பாப்பாவின் காது. படகில் வரும்போதே வலது காது அடைத்தது, இரவு ஏழுக்கு வலி. பத்து மீட்டரிலேயே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், மூக்கைப் பிடித்துக் காதைச் சமன் செய்யாவிட்டால் செவிப்பறை தாங்காது. அவளுக்கு இரண்டு நாளாகச் சளி, யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டார்கள் என்று. கிளினிக்கில் வயதான சீன டாக்டர். காதுக்குள் பார்த்துவிட்டுச் சுத்தமான தமிழில் "ஓட்டை இல்ல, ரத்தம் கட்டியிருக்கு. ரெண்டு வாரம் தண்ணி வேண்டாம்" என்றார். தமிழ் எங்கே படித்தீர்கள் என்று கேட்டோம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாராம். மருந்தோடு 65 வெள்ளி. அண்ணன் அவளைத் திட்டவில்லை, அதுதான் அவளுக்கு அதிகம் வலித்திருக்கும்.

இரவுச் சாப்பாடு லிட்டில் இந்தியாவில் வாழையிலை. கணவாய் வறுவல் இருந்தது. ஒரு நிமிடம் யோசித்தேன். சாப்பிட்டேன்.

ஞாயிறு, ஜனவரி 19

டைவ் இல்லை. பத்து மணிக்குத் தெலுக் பஹாங் போவதாகத் திட்டம், அதற்கு முன்னால் டீச்சர் எங்களைச் சௌராஸ்தா பசாருக்கு இழுத்துக்கொண்டு போனார். மீன் வாங்க அல்ல, பார்க்க. நேற்று தண்ணீருக்குள் பார்த்தவர்கள் எல்லாம் ஐஸ் மேல் வரிசையாக இருந்தார்கள்: களவா, சீலா, பாரை, திருக்கை, கணவாய் இரண்டு அளவில். மீன் விற்ற தமிழ் முஸ்லிம் பெரியவர் நாங்கள் வாங்கும் ஜாதி இல்லை என்று பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார், ஆனாலும் முகம் சுளிக்கவில்லை. உயிரோடு தொட்டியில் இருக்கும் களவா சீன ரெஸ்டாரண்டுகளுக்குப் போகும், செத்ததைவிட விலை பல மடங்கு என்றார். பெரிய களவாவாகப் பிடிக்கப் பிடிக்க இனம் குறையும், ஏனென்றால் பல களவா இனங்கள் முதலில் பெண்ணாக இருந்து வயதானபின்தான் ஆணாக மாறும். நான் இதை அவரிடம் சொன்னேன். "அப்ப கோமாளி மீனுக்கு நேர் எதிரா?" என்று பாப்பா பின்னாலிருந்து கேட்டாள். பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கிலோ 38-க்குப் போடுகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

தெலுக் பஹாங்கில் இருக்கும் பினாங்கு தேசியப் பூங்கா சிறியது, 2003-இல் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து கெராச்சுட் கடற்கரைக்குக் காட்டுப்பாதை, ஏற்ற இறக்கத்தோடு ஒன்றரை மணி நேரம். வெயிலும் புழுக்கமும், நேற்றைய தூக்கமின்மையும். வழுக்கு வேரில் கால் வைத்து வாட்சப் ஆள் ஒருமுறை உட்கார்ந்தே சறுக்கினார். கடற்கரைக்கு முன்னால் ஒரு ஏரி வரும். மேலே நன்னீரும் கீழே கடல்நீரும் கலக்காமல் இரண்டு அடுக்காக நிற்கும் அபூர்வ வகை என்று பெரிதாகச் சொல்லியிருந்தார்கள். மழையில்லாத மாதம், பாதி சேறுதான் கிடந்தது. மீன்கொத்தி ஒன்று இருந்தது, அதையாவது சொல்லிவிடுகிறேன்.

கடலில் இறங்கக் கூடாது என்று பலகை: ஜெல்லி மீனும் கடல் இழுப்பும். மணலுக்கு மேலே ஆமை நிலையம். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை பச்சை ஆமைகள் முட்டையிட வரும், செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஒலிவ் ரிட்லி. முட்டைகளை எடுத்து வேலிக்குள் புதைத்துக் காக்கிறார்கள். மணல் சூடு கூடினால் குஞ்சு பெண், குறைந்தால் ஆண் என்பதால் மேலே நிழல்வலை. தொட்டியில் உள்ளங்கை அளவு குஞ்சுகள், சுவரை முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தன. அங்கே வேலை செய்யும் இளைஞர் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்திருந்தவர், எழுந்து வந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். காசு நீட்டியதும் கையைக் கட்டிக்கொண்டு நன்கொடைப் பெட்டியைத் தாடையால் காட்டினார்.

திரும்ப நடக்க யாருக்கும் தெம்பில்லை. படகுக்கு 120 வெள்ளி கேட்டவரிடம் பொருளாளர் பேசி 100 ஆக்கினார்; ஆளுக்குப் பத்து வெள்ளிகூட வரவில்லை, பதினைந்து நிமிடத்தில் ஜெட்டி. அப்புறம் பினாங்கு ரோட்டில் செண்டோல் என்ற ஐஸ் இனிப்பு, தெருவோரமாக நின்றபடி. பின்பு பிளஸ் நெடுஞ்சாலையில் வார இறுதிக் கூட்டமெல்லாம் ஒரே நேரத்தில் திரும்ப, ஈப்போவுக்குப் பிறகு வண்டி நகரவே இல்லை. கருவாடு மணந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கியபோது மணி பன்னிரண்டரை.

திங்கள், ஜனவரி 20

உடுப்பு, மூச்சுவிடும் ரெகுலேட்டர், துடுப்பு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசாவிட்டால் உப்பு அரித்துவிடும். அடுக்குமாடியில் குளியலறைதான் ஒரே தொட்டி. காயப்போட்ட உடுப்பிலிருந்து சொட்டிய தண்ணீர் கீழ்வீட்டு ஆண்டியின் துணியில் விழுந்து, காலையிலேயே ஒரு பஞ்சாயத்து. பாதி அதிரசம் கொடுத்துச் சமாதானம்.

பொருளாளர் கணக்கு அனுப்பினார்: தலைக்கு 612 வெள்ளி, பாப்பாவின் கிளினிக் செலவு கிளப் கணக்கில். கொண்டுவந்த வலையை அண்ணன் எடை போட்டுப் பார்த்தாராம், நனைந்த நிலையில் ஏழு கிலோ. மீதி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த பயணத்துக்கு வாட்சப்பில் வாக்கெடுப்பு நடக்கிறது. மார்ச்சில் கிழக்குக்கரை திறந்ததும் ரெடாங் என்று ஆறு பேர், பாயாருக்கே மறுபடி என்று நான்கு பேர். நான், டீச்சர், அண்ணன், பாப்பா. மெக்கானிக் தம்பி இன்னும் ஓட்டுப் போடவில்லை, படகு ஆடாத இடம் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறான்.